புறா வேட்டை: மணிமுத்தாற்றில் சட்டம் சொல்வது என்ன?

மணிமுத்தாறு அணையைச் சுற்றிப் புறா வேட்டைக்கு உகந்த பொதுநிலம் என்று ஒன்று கிடையாது. அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பெருங்கால் வாய்க்கால் கரை, குளத்துப் புறம்போக்கு, ஆடு மேயும் பொத்தை, கோயில் நிலம், சொந்தப் பட்டா நிலம் என எங்கே சுட்டாலும், எங்கே கண்ணி போட்டாலும் அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. புறா எந்த நிலத்தில் இறங்கினாலும் அந்தப் பாதுகாப்பு அதோடு கூடவே போகும். காட்டுக்குள் போனால்தான் கேஸ், வயக்காட்டில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஊர்ப்புறங்களில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்தை நம்பித்தான் இளைஞர்கள் வழக்கில் மாட்டுகிறார்கள்.

பெரியவர்கள் ஒரு காலத்தில் சுட்டதாகச் சொல்வது பொய்யல்ல. சட்டம் வந்த புதிதில் உரிமம் பெற்று வேட்டையாடும் முறை இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முறையையே நீக்கிவிட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த மணிப்புறா, கள்ளிப்புறா, சின்னத் தவிட்டுப்புறா ஆகியவை இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. மலையடிவாரத்து நிழலில் தரையோரமாகப் பறந்து மறையும் மரகதப்புறா தமிழ்நாட்டின் மாநிலப் பறவை.

வெளிநாட்டுக் காணொளிகள் குழப்பத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பரில் புறா வேட்டைப் பருவம் தொடங்குகிறது. உரிமம் வாங்கவேண்டும், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு, வேட்டைக்கென்றே சூரியகாந்தி விதைத்த அரசு நிலங்களும் உண்டு. அங்கே நல்ல இடம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் காணொளியைப் பார்த்து இங்கே வாய்க்கால் கரையில் போய் உட்காருபவரை எந்த உரிமமும் காப்பாற்றாது. அப்படி ஓர் உரிமம் இந்தியாவில் வழங்கப்படுவதே இல்லை.

நிலத்தின் தன்மை ஒன்றை மட்டும் மாற்றும்: தண்டனையின் கடுமையை. மணிமுத்தாறு அருவிக்குப் போகும் சாலையில் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இரண்டாம் அட்டவணைப் பறவையை வெளியே வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பகத்துக்குள் அதே பறவையைச் சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை போகக்கூடிய சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும். காப்புக்காட்டில் நுழைந்ததற்காக 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் தனியாகப் பாயும். ஓடையைத் தாண்டியது தெரியாது, எல்லைக்கல்லைப் பார்க்கவில்லை என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

எது வேட்டை என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. கொல்வது, நஞ்சு வைப்பது, வலையிலோ கண்ணியிலோ பிடிப்பது, இரை போட்டு வரவழைப்பது, விரட்டி ஓரிடத்துக்கு ஒதுக்குவது, இவற்றுக்கான முயற்சி என எல்லாமே வேட்டைதான். பறவைகளைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையே. பிசான அறுவடை முடிந்த வயலில், தண்ணீர் குடிக்கப் புறாக்கள் இறங்கும் மடையோரமாக ஒரு குச்சியில் நைலான் சுருக்குகளை வரிசையாகக் கட்டி மண்ணில் அமுக்கி வைத்து, நாலு நெல்மணி தூவியிருந்தால் போதும். ஒரு புறாகூடச் சிக்கவில்லை என்றாலும் குற்றம் முழுமையடைந்துவிட்டது.

இதில் இழப்பு ஒரு பறவையோடு நிற்பதில்லை. உடைமரத்துக் கிளையில் சில சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியதுதான் புறாக்கூடு; கீழிருந்து பார்த்தாலே இடுக்கு வழியாக இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டுகின்றன. வேறு எதுவும் அந்தக் குஞ்சுக்கு ஆகாது. புறாக்கள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடுபவை. ஆகவே எந்த மாதத்தில் சுட்டாலும் எங்கோ ஒரு கூட்டில் குஞ்சு பட்டினியில் சாகக்கூடும்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொல்வது பாதிதான் உண்மை. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த திறனுள்ள காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு பறவையைச் சுட்டால் வேட்டைக் குற்றம் அப்படியே நிற்கும். உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கி என்றால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வேட்டைக்குப் பயன்பட்ட ஆயுதம், வலை, பைக் எல்லாம் அரசுடைமை ஆகக்கூடியவை. உண்டிவில்லோடு திரியும் பள்ளிப் பையன்களையும் சட்டம் விட்டுவிடுவதில்லை. 18 வயது நிரம்பாதவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவார்.

கறியை வாங்குவதும் குற்றமே. காட்டுப்புறாவை உரிய அனுமதியின்றி விற்பதும், வாங்குவதும், வைத்திருப்பதும் சட்டவிரோதம். ஒருவர் கையில் கறி இருந்தது நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி அல்ல என்று காட்டும் பொறுப்பு அவருடையது. சமைத்துச் சாப்பிடுவதை வீடியோ எடுத்து வலையேற்றுபவர் தமக்கெதிரான சாட்சியத்தைத் தாமே தயாரிக்கிறார். உடம்புக்கும் இது நல்லதல்ல. ஈயக் குண்டின் துகள்கள் கறியில் தங்கும்; ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பூச்சிமருந்து தோய்த்த தானியத்தைத் தின்று விழுந்த பறவையை உண்பது நஞ்சையே உண்பதாகும். இருட்டில் மலையடிவாரத்தில் காத்திருப்பவருக்குக் கரடியும் யானையும் எதிர்ப்படலாம்.

வேட்டை மரபுள்ள சமூகங்களுக்கு விலக்கு உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தன. அதனால் கல்வியிலும் வேலையிலும் உரிமைகள் கிடைத்தன. வேட்டை உரிமை கிடைக்கவில்லை. காணிக்காரர்கள் போன்ற வனவாசிகளுக்கு நிலத்திலும் சிறு வனப்பொருள்களிலும் உரிமை தரும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையை வெளிப்படையாக விலக்கியே வைத்திருக்கிறது.

பிடிபட்டவருக்கும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்லவேண்டும்; 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும்; பிடித்தவர் வனத்துறையா காவல்துறையா என்பது இதில் பொருட்டல்ல. கைப்பற்றிய பொருள்களுக்கு மகஜர் எழுதப்பட வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அலுவலர் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதியும் சாட்சியம் பின்னர் வழக்கில் ஏற்கப்படும். எனவே எழுதியதைப் படிக்காமல் கையெழுத்திடக்கூடாது; எழுத்தறியாதவர் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்கலாம். வேண்டுமென்றே, தேவையின்றிப் பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் தண்டனை உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

விவசாயியின் குறையை ஒதுக்கிவிட முடியாது. விதைத்த பயறையும் சோளக் கதிரையும் புறாக்கூட்டம் பொறுக்குவது உண்மையான நட்டம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிற்கும் பயிருக்குச் சேதம் விளைவிக்கும் இரண்டாம் அட்டவணை உயிரினம் குறித்து, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ 11ஆம் பிரிவின்கீழ் காரணம் காட்டி எழுத்துவழி ஆணை பிறப்பிக்கலாம். ஆணை கையில் வரும்வரை யாரும் சுடக்கூடாது. அதுவரைக்கும் மின்னும் ரிப்பன் கட்டுவது, விதையை மண்ணால் நன்றாக மூடுவது, நாற்றங்காலுக்கு வலைப்பந்தல் போடுவது, தகரம் தட்டுவது ஆகியவற்றுக்குத் தடையில்லை. பயிரை மூடும் வலையில் பறவை சிக்காதபடி இழுத்துக் கட்டவேண்டும்.

வேட்டையைக் கண்ணால் பார்ப்பவர் நெருங்கிச் சண்டை போடக்கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவர் பதற்றத்தில் என்ன செய்வார் என்று சொல்லமுடியாது. இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வன அலுவலகத்துக்கோ, 112 அவசர எண் வழியாகக் காவல்துறைக்கோ சொன்னால் போதும். கண்ணியைப் பார்த்தால் பிடுங்கி எறியாமல் அப்படியே படம் எடுப்பது நல்லது, அது சாட்சியம். புகார் கொடுத்தும் நடவடிக்கை இல்லையென்றால், உரிய அலுவலருக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிட 55ஆம் பிரிவு இடம் தருகிறது. குற்றம் நிரூபணமாக உதவியவருக்கு அபராதத் தொகையில் ஒரு பகுதியைப் பரிசாக அளிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

காயம்பட்ட புறா கிடைத்தால் காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்து வனத்துறைக்குத் தகவல் தரவேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். குணமான பிறகும் கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி தவறு. கீழே விழுந்த குஞ்சு காயமில்லாமல் இருந்து, கூடும் எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனிதக் கை பட்டதற்காகத் தாய்ப்புறா குஞ்சை ஒதுக்காது.