இணையப் பேனர் விளம்பரமும் அதன் பலனை அளந்தறியும் முறையும்

விதை, நாற்று, வெல்லம் முதலியவற்றை நேராக விற்கும் நிலச்சுவான்தார்கள் இணையத்தில் பேனர் விளம்பரம் செய்ய முற்படுங்கால், செலவிட்ட பணம் திரும்புமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனை ஈண்டு விளக்குவோம்.

பேனர் என்பது இணையப் பக்கத்தின் மேலோ ஓரத்திலோ நீள்சதுரமாகத் தோன்றும் விளம்பரமாகும். அதனைத் தொட்டால் வியாபாரியின் பக்கம் திறக்கும். ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்றோ, ஒரு தொடுதலுக்கு இவ்வளவு என்றோ கட்டணம் விதிப்பர். 1994ஆம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவின் ஹாட்வயர்டு என்னும் இணையப் பத்திரிகையில் இவை வெளிவந்தபொழுது, புதுமை கருதிப் பலர் தொட்டனர். இந்நாளில் ஆயிரம் முறை காட்டினும் ஓரிருவர் தொடுவதே அரிது. விளம்பரம் உள்ள இடத்தை விலக்கிப் படிக்கக் கண்கள் பழகிவிட்டமையே இதற்குக் காரணம்.

ஆயினும் தொடுவோர் தொகையை மட்டும் கொண்டு பலனை மதிப்பிடலாகாது. ராண்டல் லூயிஸ், டேவிட் ரெய்லி என்னும் இருவர் யாஹூ இணையத்தளத்தில் நடத்தி, 2014ஆம் வருஷம் வெளியிட்ட பரீட்சையில், ஒரு பெரிய சில்லறை வியாபார நிறுவனத்தின் 16 லட்சம் வாடிக்கைக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் விளம்பரம் காட்டினர். விற்பனை 5 சதவிகிதம் உயர்ந்தது. அவ்வுயர்வில் 93 சதவிகிதம் இணையத்திலன்றிக் கடைகளிலேயே நிகழ்ந்தது. 78 சதவிகிதம் விளம்பரத்தை ஒருபொழுதும் தொடாதவர்களால் உண்டாயிற்று.

இம்முறை விவசாயிகளுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் பண்ணையில் 1919ஆம் வருஷம் பணியேற்ற ஆர். ஏ. ஃபிஷர், எருவிட்ட பாத்திகளையும் இடாத பாத்திகளையும் குலுக்கல் முறையில் அமைத்து ஒப்பிடும் வழியை வகுத்தார். நல்ல மழை பெய்த வருஷத்து விளைச்சல் முழுவதையும் எருவின் பலன் என்று கூறுவது எங்ஙனம் பிழையோ, அங்ஙனமே பண்டிகைக் காலத்து விற்பனை முழுவதையும் விளம்பரத்தின் பலன் என்பதும் பிழையாகும்.

ஆகையால் விளம்பரம் செய்வோர் ஏறக்குறைய ஒரே நிலையிலுள்ள இரண்டு தாலுகாக்களைத் தெரிந்துகொண்டு, ஒன்றில் மட்டும் ஒரு மாதம் காட்டுக. மறு மாதம் மாற்றிக் காட்டுக. இரு மாதங்களிலும் வாங்குவோரின் ஊரைக் கணக்கில் குறித்துவருக. 3,000 ரூபாய் செலவில் விற்பனை 10,000 ரூபாய் பெருகினும், லாபம் ரூபாய்க்கு 20 காசாயின் வரவு 2,000 ரூபாயே. 1,000 ரூபாய் நஷ்டம். சிறு வியாபாரத்தில் 5 சதவிகித வேறுபாடு வழக்கமான ஏற்றத்தாழ்வில் மறைந்துபோகும். எனவே வித்தியாசம் தெளிவாகப் புலப்படும் வரையில் செலவைச் சிறிதாகவே வைத்துக்கொள்வது நலம்.