தொடையை இழுத்துப் பிடித்த இரும்பு வளையம்

நம் உடம்பிலேயே நீளமானதும் உறுதியானதும் தொடை எலும்பு. நல்ல வலுவோடு இருக்கும் ஒருவருக்கு அது முறிகிறதென்றால், பெரும்பாலும் வண்டி மோதியிருக்கும், அல்லது உயரத்திலிருந்து விழுந்திருப்பார். முறிந்த கணத்திலேயே அடுத்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதைத் தொடங்கி வைப்பவை அவருடைய சொந்தத் தசைகள்.

நம்மை நிற்கவும் ஓடவும் வைக்கும் தொடைத் தசைகளுக்கு எலும்புதான் எதிர்த்தாங்கல். அது போனதும் அவை இறுகிச் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகின்றன. கால் குட்டையாகிறது, தொடை பருத்து உருண்டு நிற்கிறது. ஒரே பரப்புள்ள தோலுக்குள் அதிகம் கொள்ளும் வடிவம் கோளம் என்பது கணிதம். தொடை கோளத்தை நெருங்க நெருங்க, உள்ளே ரத்தம் தேங்க இடம் கூடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒன்று, ஒன்றரை லிட்டர் தேங்கிவிடலாம். பெரியவர் ஒருவரின் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

காலை நீளவாக்கில் இழுத்துப் பிடித்தால் தொடை மறுபடி உருளையாகும், ரத்தம் தேங்கும் இடம் குறையும், கூரான முனைகள் சதையைக் கிழிப்பது நிற்கும், வலியும் தணியும். ஆனால் எவ்வளவு நேரம்தான் ஒருவர் கையால் இழுத்துக்கொண்டே இருப்பது?

இதற்கான விடை லிவர்பூலில் பிறந்தது. ஹ்யூ ஓவன் தாமஸின் (1834–1891) குடும்பம் வேல்ஸின் ஆங்கில்சி தீவைச் சேர்ந்த கட்டு வைத்தியப் பரம்பரை. கப்பல் உடைந்து அந்தத் தீவில் கரை ஒதுங்கிய ஒரு சிறுவனிலிருந்து வந்த வம்சம் என்று சொல்வார்கள். தாமஸ் முறைப்படி மருத்துவம் படித்தவர். ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். முழங்கால் மூட்டுக் காசநோய்க்காக அவர் செய்த கருவியில் ஒரு வளையமும் இரண்டு நீண்ட கம்பிகளும்தான் உண்டு. தோல் சுற்றிய வளையம், நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்கும் இடுப்பெலும்பு முனையில் போய் முட்டும். கம்பிகள் பாதத்தைத் தாண்டி நீண்டிருக்கும். தொடை முறிந்தவருக்கு, அவற்றின் கடைசியில் பாதத்தைக் கட்டி, வைக்கோல் பாரக் கயிற்றைக் கோல் கொடுத்து முறுக்குவதுபோல முறுக்கினால் கால் இழுபடும்.

பாதத்தை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசையோடு வளையம் இடுப்பைத் திருப்பித் தள்ளுகிறது. இழுப்பும் எதிர்ப்பும் அந்த ஒரு காலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தொங்கவிட எடை வேண்டாம், கப்பி வேண்டாம், கட்டில்கூட வேண்டாம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் இழுப்பு கூடவே போகும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாமஸ் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பதவி வகித்ததில்லை. எதற்கும் வளைந்து கொடுக்காதவர் வேறு. அவர் வாழ்ந்தவரை மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவரிடம் தொழில் கற்ற மனைவி வழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ்தான் முதல் உலகப் போரில் இதைப் போர்முனைக்குக் கொண்டு சேர்த்தார். ஸ்ட்ரெச்சர் தூக்கும் சிப்பாய்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இதை மாட்டிப் பழகினார்கள், இருட்டிலும் செய்ய வேண்டுமே. காலணியைக்கூடக் கழற்றாமல் அதன் மேலேயே கயிறு போட்டார்கள். போரின் தொடக்கத்தில் தொடை முறிந்தவர்களில் 80 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 1917-ல் அராஸ் போரில் பதிவான ஆயிரம் சொச்சம் தொடை முறிவுகளில் இறப்பு சுமார் 16 சதவீதம். சீக்கிரமே கிடைத்த அறுவைச் சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் குண்டடி பட்ட இடத்திலிருந்து அறுவை மேசை வரை அவர்களை உயிரோடு கொண்டு சேர்த்ததில் இந்த வளையத்தின் பங்கு பெரிது.

இன்று தொடை எலும்புக்குள் கம்பி செலுத்திப் பொருத்துகிறார்கள். ஆம்புலன்ஸ்களில் இழுத்துப் பிடிக்கும் கருவிகள் மடங்கும் வடிவில் வந்துவிட்டன. பயிற்சி இல்லாதவர் காலை இழுக்கவே கூடாது. இடுப்பெலும்போ முழங்காலோ கணுக்காலோ சேர்ந்து உடைந்திருந்தால் இழுப்பே கேடு. சாலையில் அப்படி யாரையாவது பார்த்தால் 108-ஐ அழையுங்கள். அவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். ரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத இடமென்றால், இரு கால்களுக்கும் நடுவே துணி மடித்து வைத்து, முறிந்த இடத்தை விட்டு மேலும் கீழும், அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம். கட்டிய பின் பாத விரல்கள் குளிர்ந்தாலோ வெளுத்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும்.