இரவல் ஒலியும் சொந்த ஒலியும்

வீணையிலே ஒருவர் ஷட்ஜத்தை மீட்டுகிறார். அதே ஷட்ஜத்தை அதே சுருதியில் மற்றொருவர் நாதசுரத்தில் ஊதுகிறார். திரைக்கு அப்பால் இருந்து கேட்கும் சிறு குழந்தையும் இது வீணை, அது நாதசுரம் என்று பிரித்துக் கூறிவிடும். சுவரம் ஒன்றே, சுருதியும் ஒன்றே. அங்ஙனமாயின் வேறுபடுவது யாது? தொனிப்பண்பு என்று பௌதிக நூலார் கூறுவது அதனையே.

வீணை செய்யும் தச்சன் பலாமரத்தைத் தெரிந்தெடுத்துக் குடையும்போதே அதன் தொனிப்பண்பைப் பெரும்பாலும் நிர்ணயித்து விடுகிறான். வாசிப்பவர் அதற்கு மெருகூட்டலாம். அதனை வேறொன்றாக ஆக்கிவிட முடியாது. சிந்தசைசர் என்னும் இலத்திரனியல் வாத்தியமோ, வாசிப்பவரே தச்சனாகவும் இருக்க இடந்தருவது. இன்று எத்தனையோ இல்லங்களில் இளைஞர் இவ்வாத்தியத்தை வாசிக்கின்றனர். ஆயினும் அவர்களுட் பலர், செய்தவர்கள் நிரப்பி அனுப்பிய ஒலிகளை அழுத்தி வாசிப்பதோடு அமைந்து விடுகின்றனர். இசை தமதாயினும் ஒலி இரவலாகவே இருந்து விடுகிறது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, இதனை மாற்ற வழி யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

அழைப்புமணிப் பொத்தான்

1964 ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ட்ரூமன்ஸ்பேர்க் என்னும் சிற்றூருக்கு ஹேர்பேட் டொயிச் என்ற இசையாசிரியர் வந்து சேர்ந்தார். அங்கே ரொபேட் மோக் என்னும் முப்பது வயதுப் பொறியியலாளர் ஒரு சிறு தொழிற்கூடம் நடத்தி வந்தார். ஒருவருக்கு இசை தெரியும். மற்றவருக்கு மின்சாரம் தெரியும். மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை ஆளும் கருவியொன்றை இருவரும் உருவாக்க முனைந்தனர். அழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது பின்னர் நிலைபெற்ற அளவு.

கருவி ஒலித்தது, ஆனால் டொயிச்சுக்கு மனநிறைவு உண்டாகவில்லை. விளக்கைப் போட்டு அணைத்தாற்போல ஒலி சட்டென்று தோன்றிச் சட்டென்று மறைந்தது. இசையிலே ஒரு சுவரம் பிறந்து, வளர்ந்து, தேய்ந்து மறைய வேண்டுமன்றோ? இக்குறையை அவர் கூறியதும், வீட்டு வாசலில் பொருத்தும் அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவருமாறு மோக் அவரைக் கடைக்கு அனுப்பினார். அப்பொத்தானை அழுத்தினால் ஒலி எழவும், விட்டால் மெல்லத் தணியவும் சுற்றமைப்பைத் திருத்தினார். இசைஞனின் செவி குறையொன்றைக் கண்டது. பொறியியலாளனின் கை அதனைத் தீர்த்தது. ஒலியமைக்கும் கலையில் எப்பொழுதும் செவியே முன்செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

மூன்று உறுப்புகள்

அன்று தோன்றிய முறை இன்றும் மாறவில்லை. அதற்கு உறுப்புகள் மூன்று.

முதலாவது, ஒலியைப் பிறப்பிக்கும் அலையம். ஒரு சுவரம் செக்கனுக்கு 440 முறை அதிர்கிறது என்று கொள்வோம். அதனுடன் 880, 1320, 1760 என்றவாறு மேற்றொனிகளும் கலந்திருக்கும். இவற்றின் கலப்பு விகிதமே தொனிப்பண்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வாள்பல் வடிவ அலையில் எல்லா மேற்றொனிகளும் உண்டு. ஆதலின் அது நாதசுரம் போலக் கணீரென்று ஒலிக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்றொனிகள் மட்டுமே உண்டு. அது குழாயினுள் ஊதினாற்போல உள்வெளியாகத் தோன்றும். சைன் அலையில் மேற்றொனி எதுவுமில்லை; சீழ்க்கையொலி அதற்கு அண்மையானது.

இரண்டாவது, வடிகட்டி. உயர்ந்த மேற்றொனிகளை இது நீக்குகிறது. சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கிக் களைவது போல, நிறைந்த ஒலியிலிருந்து வேண்டாதனவற்றைக் களைந்து உருவம் காண்பதே இம்முறை.

மூன்றாவது, ஒலியின் உரப்பைக் காலத்தோடு மாற்றும் உறுப்பு. எழுதல், சற்றே தணிதல், நிலைத்தல், ஓய்தல் என இதற்கு நான்கு படிகள். 1965 இல் விளாடிமிர் உசாச்செவ்ஸ்கி என்னும் இசையமைப்பாளர் மோக்கிடம் வேண்டிய அமைப்பு இது. வீணையொலி கணத்தில் எழுந்து, நிலைத்தலின்றி, நெடுநேரம் தேய்கிறது. நாதசுரமோ மூச்சு உள்ளவரை நிலைத்து நிற்கிறது. திரைக்கு அப்பால் இருந்த குழந்தை கண்டுகொண்ட வேற்றுமையிற் பாதி இதுவே.

1968 இல் வென்டி கார்லோஸ் இக்கருவியைக் கொண்டு ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை இசைத்தட்டாக்கி உலகை வியக்க வைத்தார். அக்கருவியில் ஒரே நேரத்தில் ஒரு சுவரத்தை மட்டுமே எழுப்பலாம். ஆகவே ஒவ்வோர் இழையாக வாசித்துப் பதிவு நாடாவில் அடுக்கினார். ஒவ்வோர் இழைக்கும் உரிய ஒலியையும் தாமே அமைத்தார்.

வசதி வந்தது, வழக்கம் மாறியது

அக்காலத்தில் அமைத்த ஒலியைச் சேமித்து வைக்க வழியில்லை. திருகுகள் நின்ற நிலையைத் தாளிற் குறித்துக்கொள்ள வேண்டும். 1978 இல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்பவர் வெளியிட்ட புரொபெட்-5 என்னும் கருவி 40 ஒலிகளை நினைவில் வைத்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒலி ஆயத்தம். அரிய வசதிதான்; ஆனால் ஆயத்தமான ஒலியையே நாடும் பழக்கமும் அதனுடன் தொடங்கிற்று.

இதன் உச்சம் 1983 இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்7. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்னும் இசையமைப்பாளர் 1967 இல் கண்டறிந்த முறையே அதன் அடிப்படை. கமகம் போலச் சுருதியை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அவர், அசைவின் வேகத்தையும் அளவையும் மிகவும் கூட்டினார். ஒரு கட்டத்தில் அசைவு மறைந்து, முற்றிலும் புதிய தொனி கேட்டது. அவரும் செவியாலேயே கண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 200 அதிர்வுள்ள அலையை 280 அதிர்வுள்ள மற்றோர் அலையால் அசைத்தால் மணியோசை பிறக்கும் என்று 1973 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டினார்.

டிஎக்ஸ்7 கருவியில் திருகுகள் இல்லை. சிறு பொத்தான்களும் ஒரு சிறிய எழுத்துத் திரையுமே இருந்தன. ஒலியமைப்பது கடினமாயிற்று. ஆகவே பெரும்பாலோர் உடன்வந்த ஒலிகளையே கையாண்டனர். அதன் மின்பியானோ ஒலி, அப்பத்தாண்டின் மேலைநாட்டுப் பாடல்களில் கணக்கின்றிக் கேட்டது. பாடுவோர் வேறு, பாட்டு வேறு, ஒலியோ ஒன்று. பிரையன் ஈனோ போன்ற சிலர் மட்டும் பொறுமையோடு அதனைப் பயின்று தமக்குரிய ஒலிகளை ஆக்கிக்கொண்டனர். கருவி எல்லோருக்கும் ஒன்றே; உழைப்பே வேறு.

தொடங்கும் வழி

கற்க விரும்பும் மாணவர் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. கணினி ஒன்று இருப்பின், சேர்ஜ் எக்ஸ்டி போன்ற மென்பொருட் சிந்தசைசர்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

முதலில் எவ்வித அலங்காரமும் இல்லாத வெறும் ஒலியை எடுத்துக்கொள்க. வாள்பல் அலை ஒன்று போதும். வீணையை நோக்கமாகக் கொள்வோம். எழுதலை இயன்றவரை விரைவாக்குக, நிலைத்தலைப் பூச்சியமாக்குக, தணிதலை மூன்று செக்கன் வரை நீட்டுக. மீட்டிய தந்தியில் உயர்ந்த மேற்றொனிகளே முதலில் அடங்கும். ஆதலின் ஒலி தேயும்போதே வடிகட்டியும் மெல்ல மூடுமாறு செய்க.

ஒரு வேளையில் ஒரு திருகையே தொடுக. தொடுமுன், என்ன நிகழும் என்று மனத்திற் சொல்லிக்கொள்க. தொட்டபின், நிகழ்ந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. எதிர்பார்த்ததும் கேட்டதும் மாறுபட்டால் அங்கே ஒரு பாடம் இருக்கிறது. உடன்வந்த ஒலிகளையும் வெறுத்தொதுக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் உறுப்பாக நீக்கிக் கேட்டால், வல்லுநர் அதனை எங்ஙனம் அமைத்தார் என்பது புலனாகும். இரவல் ஒலி அப்பொழுது பாடநூலாகிறது.

இவ்வளவு செய்தும் உங்கள் வீணை உண்மையான வீணையாக ஒலிக்காது. அதற்காக மனந்தளர வேண்டாம். அது எவ்விடத்தில் வீணையினின்று விலகுகிறதோ அவ்விடத்தைக் கூர்ந்து கேளுங்கள். அவ்விலகல் இனிதாயின் அதனை வளர்த்தெடுங்கள். வேறெவரும் நிரப்பி அனுப்பாத ஒலியொன்று அங்கிருந்துதான் பிறக்கும்.