புளியும் பித்தளையும்

அமிலம் என்றதும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் புட்டிகளில் நிற்கும் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அடுக்களை அமிலங்களை நாம் மதிப்பதில்லை. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். இவை வலுக்குறைந்தவைதாம், ஆயினும் சும்மா இருப்பவை அல்ல.

கருத்த குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்தால் பொன்போல் மின்னுவதைப் பார்த்திருக்கிறோம். பித்தளை, தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம். காற்றுப் பட்டு அதன் மேல் தாமிர ஆக்சைடு படிகிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறுகிறது. புளியின் அமிலம் இரண்டையும் கரைத்துவிடுகிறது. கரைந்த தாமிரம் கழுவிய நீரோடு போய்விடும். விளக்கானால் கவலையில்லை. அதே புளியைப் பித்தளைப் பாத்திரத்தில் கரைத்து ரசம் வைத்தால், தாமிரம் போய்ச் சேருமிடம் நம் வயிறு! குமட்டலும் வாந்தியுமே மிச்சம்.

ஐயமுள்ளவர்கள் நான் விடுதி அறையில் செய்த சோதனையைச் செய்து பார்க்கலாம். கருத்துப்போன தாமிரக் கம்பித் துண்டுகள் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடித் தம்ளரிலிட்டு, மூழ்கும் அளவு எலுமிச்சைச் சாறும் சிறிது உப்பும் சேர்த்தேன். கம்பிகள் பளிச்சிட்டன. ஓர் இரவு கழித்து அவற்றை எடுத்துவிட்டு, நன்கு தேய்த்த இரும்பாணி ஒன்றை அச்சாற்றில் போட்டேன். சில மணி நேரத்தில் ஆணி மேல் செந்நிறம் படிந்தது. இரும்பு கரைந்து, சாற்றில் மறைந்திருந்த தாமிரத்தை வெளியே தள்ளிவிட்டது. (சாற்றைக் கொட்டிவிடுங்கள், சர்பத்துக்கு ஆகாது.)

இதற்கு நம்மவர் கண்ட வழியே ஈயம் பூசுதல். பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரம் தூவித் தேய்ப்பார்கள். சூட்டில் அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு, ஆக்சைடு படலத்தை நீக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் எளிதில் பரவிப் பற்றிக்கொள்ளும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூச வேண்டும்.

ஈயம் என்ற பெயரில் இரண்டு உலோகங்கள் இருப்பதுதான் தொல்லை. வெள்ளீயத்தால் அவ்வளவு தீங்கில்லை. காரீயமோ நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். புளி அதையும் கரைக்கும். ஆகவே ஈயச்சொம்பில் ரசம் வைப்போர் ஆர்க்கிமிடீசைத் துணைக்கழைக்கலாம். சொம்பின் எடையைக் கிராமில் எடுங்கள். நிரம்பிய நீரில் அதை முழுதும் அமிழ்த்தி, வழிந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, எடையை அதனால் வகுங்கள். வெள்ளீயமானால் 7.3 வரும், காரீயத்துக்கு 11.3. இடையில் நின்றால் கலப்படம் என ஐயுறலாம். சிறிதளவு கலப்பை இம்முறை காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எங்கள் வீட்டுச் சொம்புக்கு 8.6 வந்தது. அம்மா அன்றே அதைப் பரணில் ஏற்றிவிட்டார். ரசம் இப்போது எவர்சில்வரில்தான் கொதிக்கிறது.