நான்கு மூலைப் பாட்டு: ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு

1978 டிசம்பரில் வந்த 'ப்ரியா' படத்தைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் கொஞ்சம் உரிமையோடுதான் பேசுவார்கள். சுஜாதாவின் கதை, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், இந்த ஊர்த் தெருக்களில் ரஜினியும் ஸ்ரீதேவியும். போதாததற்கு, சிங்கப்பூரின் அழகைப் பாட ஒரு தனிப் பாட்டே உண்டு. இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு அந்தப் படத்தின்மேல் உள்ள பிரியத்துக்கு வேறு காரணம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பெயர் வாங்கியவை அவை. இளையராஜாவின் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்டது, அதுவரை ஒரே குழாயில் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்குப் புது அனுபவம்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் சினிமாப் பாட்டு ஒரு ஸ்பீக்கரிலிருந்து இரண்டுக்கு ஏறிய அதே காலத்தில், அமெரிக்காவும் ஜப்பானும் நான்கு ஸ்பீக்கர் வைத்து ஆடிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு வெளியேறியிருந்தன. அந்த நான்கு ஸ்பீக்கர் ஆட்டத்தின் பெயர் குவாட்ரபோனிக். சேகரிப்பாளர்கள் செல்லமாக 'குவாட்' என்பார்கள். அன்று அப்படிக் கலக்கப்பட்ட ஆல்பங்கள் இன்று டிஸ்க்காக மறுபடி வராதா என்று ஏங்கும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. தேக்கா பக்கத்திலும் இருக்கிறது.

குவாடின் அடிப்படை எளிது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இரண்டு, நடுவில் நாற்காலி. 1969இல் அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனம் நான்கு டிராக் ஸ்பூல் டேப்பாக இதை விற்கத் தொடங்கியது. டேப்பில் சிக்கலே இல்லை; நான்கு தடங்களை அடுத்தடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் ஊர் உலகம் வாங்கியது எல்.பி. தட்டைத்தான். அதன் பள்ளத்துக்கு இருப்பதோ இரண்டே சுவர்கள். இரண்டு சுவருக்குள் நான்கு ஒலியை எப்படி அடக்குவது?

இங்கேதான் கம்பெனிகள் ஆளுக்கொரு வழியில் போய்க் காரியத்தைக் கெடுத்தன. சி.பி.எஸ். 1971இல் கொண்டுவந்த எஸ்.க்யூ., சான்சுயியின் க்யூ.எஸ். இரண்டும் நான்கைக் கணக்குப் போட்டு இரண்டாகக் கலந்து, வீட்டில் ஒரு டீகோடர் வைத்து மறுபடி நான்காக்கும் முறைகள். சாம்பாரில் கரைந்த பருப்பையும் புளியையும் திரும்பத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுப்பது மாதிரிதான் அது. ஓரளவுக்கு வரும், முழுசாக வராது. முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்று டெசிபல் அளவுக்குத்தான் பிரிவு கிடைத்தது. பாடகர் முன்னாலும் நிற்பார், பின்னாலும் மெலிதாக நிற்பார். பிரிவைக் கூட்ட லாஜிக் சர்க்யூட் என்று பிறகு சேர்த்தார்கள். சில சமயம் ஒலி மூலைக்கு மூலை தாவியதுதான் மிச்சம்.

ஜப்பானின் ஜே.வி.சி. கொண்டுவந்த சி.டி-4 இன்னும் துணிச்சலானது. முன்-பின் ஒலிகளின் கூட்டுத்தொகையைச் சாதாரண ஒலியாகப் பதித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில், மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி அதே பள்ளத்தில் வைத்தார்கள். நான்கும் தனித்தனியாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த நுண்ணிய நெளிவுகளை வழக்கமான ஊசியால் தொட முடியாது. ஜே.வி.சி.யின் நோரியோ ஷிபாத்தா இதற்கென்றே ஒரு வைர முனையை வடிவமைத்தார். சாதாரண முனை உருண்டை. ஷிபாத்தா முனையின் பக்கங்கள் சீவப்பட்டு, பள்ளத்தின் சுவரோடு மெல்லிய கோடாக, ஆழமாக ஒட்டி நிற்கும். குவாட் போய்விட்டது, அந்த ஊசி போகவில்லை. இன்றைக்கும் நல்ல ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்களில் ஷிபாத்தா முனை என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். மட்டமான ஊசியால் சில தடவை ஓட்டிய சி.டி-4 தட்டில் மட்டும் அந்த மேல் அலை தேய்ந்து, பின் ஸ்பீக்கரில் மணலை வறுக்கும் சத்தம் வரும். பழைய தட்டு வாங்குகிறவர்களுக்கு இதுதான் முதல் பயம்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று முறைகள், கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர், இன்னொரு ஆம்ப்ளிஃபயர். வாங்குகிறவர் எதை நம்பிப் பணம் போடுவார்? 1970களின் பிற்பாதியில் கடை காலியானது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. ஜப்பானிய ஆடியோ சாமான் இங்கே வந்து இறங்கித்தான் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போனது. அந்தக் காலத்தில் 'சிதம்பரம்' கப்பலில் சென்னை திரும்பியவர்களின் கையில் டூ-இன்-ஒன் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஒரிஜினல் தட்டுக்குப் பக்கத்திலேயே திருட்டு கேசட்டும் டேப் கார்ட்ரிட்ஜும் மலிவாகக் கிடைத்த ஊர் இது; 1987இல் புதிய காப்புரிமைச் சட்டம் வரும்வரை அந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. அவற்றில் எட்டு டிராக் கார்ட்ரிட்ஜும் ஒன்று. குவாடுக்கும் அதில் ஒரு வகை உண்டு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் இரண்டிரண்டாக நான்கு வரிசை ஓடும் என்றால், குவாட் கார்ட்ரிட்ஜில் நான்கு நான்காக இரண்டே வரிசை.

பழைய குவாட் கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐம்பது ஆண்டுகள் என்ன செய்யும் என்பது புரியும். டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சு தூளாகியிருக்கும். ரப்பர் உருளை சில கார்ட்ரிட்ஜ்களில் தார் மாதிரி உருகி, தொட்டால் விரலில் ஒட்டும். வரிசை மாற்றச் சொல்லி மெஷினுக்குச் சைகை காட்டும் உலோகப் பட்டையின் பசை விட்டுப்போய், ஓடவிட்ட நொடியில் டேப் அறுந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் திறந்து, பஞ்சும் பட்டையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். நம் ஊர்ப் புழுக்கம் தட்டையும் விடுவதில்லை. அட்டை உறையில் செம்புள்ளி, தட்டில் வெள்ளைப் பூஞ்சை.

இப்படிப்பட்டவை கிடைக்கும் இடமாகச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கைக்கடிகாரத்துக்கும் செருப்புக்கும் நடுவே தட்டுகள் கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது தட்டும் கருவியும் தேடுகிறவர்கள் கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போகிறார்கள். பழுது பார்க்க உதிரிப்பாகம் வேண்டுமென்றால் ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். ஜப்பானிலிருந்து வரும் சான்சுயி, பயனியர் குவாட் ரிசீவர்கள் அந்த நாட்டு 100 வோல்ட்டுக்கு ஆனவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கூடவே வேண்டும், அது பாட்டுக்கு ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பதற்காகத்தான் மறுவெளியீட்டுக்கு இத்தனை ஏக்கம். ஸ்டுடியோவில் இருக்கும் மூல நான்கு டிராக் டேப்பிலிருந்து நேராக டிஸ்க் போட்டால் ஊசியும் இல்லை, டீகோடரும் இல்லை. கலவை செய்தவர் அன்று கேட்டது அப்படியே வீட்டுக்கு வரும். தட்டில் எஸ்.க்யூ. வழியாகக் கேட்டு 'இதென்ன குழப்பம்' என்று ஒதுக்கிய ஆல்பத்தை, டேப்பிலிருந்து எடுத்த டிஸ்க்கில் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் பலர். தவிர, குவாட் கலவை என்பது ஸ்டீரியோவை நீட்டிப் பரப்பியது கிடையாது. தனியாக உட்கார்ந்து செய்தது. ஸ்டீரியோவில் அமுக்கிவைத்த கிதார் அதில் மேலே வரும், பாட்டு சில நொடி கூடுதலாக ஓடும்.

பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973இல் வந்தது. அதன் குவாட் கலவை ஆலன் பார்சன்ஸ் செய்தது. அந்தக் கலவை முறையான டிஸ்க்காக வர 2011 ஆயிற்று, அதுவும் விலை கூடிய பெட்டிக்குள். சிகாகோ இசைக்குழுவின் ஒன்பது குவாட் ஆல்பங்களை ரைனோ நிறுவனம் 'குவாடியோ' என்ற பெயரில் 2016இல் ப்ளூ-ரே பெட்டியாகக் கொடுத்தது. 2023லிருந்து அதே பெயரில் தனித்தனி டிஸ்க்குகளும் வருகின்றன. இங்கிலாந்தின் டட்டன் வோகேலியன் சிறிய நிறுவனம்தான், ஆனால் இந்தக் கூட்டத்தின் குலதெய்வம், ஒரே எஸ்.ஏ.சி.டி.யில் (சூப்பர் ஆடியோ சி.டி.) இரண்டு ஆல்பங்களாக அடுக்கிக்கொண்டே போகிறது. நம் பக்கத்துக்குச் சற்று நெருக்கமான உதாரணம் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. பின்னாளில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லினின் ஆல்பம் அது. 1973இன் குவாட் கலவை 2015இல் அமெரிக்காவின் ஆடியோ ஃபிடெலிட்டி நிறுவனம் மூலம் எஸ்.ஏ.சி.டி.யாக வந்தது, எண்ணிட்ட குறைந்த பிரதிகளாக. அப்போது யோசித்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது இரட்டிப்பு விலைக்கு அலைகிறார்கள்.

மற்றவை ஏன் வரவில்லை? முதல் காரணம் டேப். ஸ்டீரியோ மாஸ்டரைப் பொத்திவைத்த கம்பெனிகள் குவாட் மாஸ்டரை எங்கோ போட்டுவிட்டன. 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ தீ விபத்தில் மூல டேப்புகள் எரிந்த செய்தி, 2019இல் 'நியூயார்க் டைம்ஸ்' விரிவாக எழுதிய பிறகுதான் உலகுக்கு உறைத்தது. இரண்டாவது, உரிமை. அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் நான்கு சேனலும் அடக்கமா என்று வக்கீல் பார்க்க வேண்டும், கலைஞர் சம்மதிக்க வேண்டும். மூன்றாவது, வியாபாரம். சில ஆயிரம் பேர் வாங்கும் சரக்குக்காகப் பெரிய கம்பெனி பெட்டகத்தைத் திறக்காது. என்னைக் கேட்டால், மூன்றில் முதலாவதுதான் உண்மையான தடை. உரிமையும் பணமும் என்றாவது பேசித் தீரும். எரிந்த டேப் எரிந்ததுதான்.

அந்தக் கண்ணோடு தமிழ்ப் பக்கம் திரும்பினால், ஏக்கம் வேறு மாதிரி இருக்கும். 1970களில் சென்னை ஸ்டுடியோக்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் கூடிப் பாடி வாசிப்பதுதான் வழக்கம். பெரும்பாலான பாடல்கள் மோனோவாகவே முடிந்தன. பின்னால் பிரித்தெடுக்கத் தனித்தனித் தடங்கள் இல்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் 'எப்போது சரவுண்டில் வரும்' என்று கேட்கத் தகுந்த பொருள் தமிழிலும் ஒன்று உண்டு. அது 70 எம்.எம். பிரிண்ட்.

1986 தீபாவளிக்கு வந்த ரஜினியின் 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம். படம், ஆறு டிராக் ஸ்டீரியோபோனிக் ஒலியோடு. அந்தக் காலத்து 70 எம்.எம். பிரிண்டில் ஒலி படச்சுருளின் ஓரங்களில் காந்தப் பூச்சாக ஓடும், கேசட் டேப் மாதிரியேதான். ஆறு தடங்களில் ஒன்று அரங்கத்தின் பக்கச் சுவர்களுக்கு. அதாவது இளையராஜாவின் இசை அன்றே ஆட்களைச் சுற்றி ஒலிக்கும்படி கலக்கப்பட்டுவிட்டது. குவாட் மாஸ்டருக்கு நிகரான பொருள் தமிழில் அதுதான். எல்.பி.யிலும் கேசட்டிலும் நமக்குக் கிடைத்தது அதன் ஒரு பகுதிதான். இந்தக் காந்தப் பிரிண்டுகள் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும் இனம் என்பதும், பழைய பிரிண்டை எடைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது என்பதும்தான் கவலை. இந்தியின் 70 எம்.எம். படமான 'ஷோலே'க்கு மட்டும் நல்ல நேரம்: 2025இல் இத்தாலியின் பொலோனா விழாவில் திரையிட்ட புதுப்பித்த பிரதிக்கு, மூல ஒலி நெகட்டிவும் காந்த டேப்பும் கைகொடுத்தன.

தமிழில் இதுவரை நடந்தது இன்னொரு வழி. 1964இன் 'கர்ணன்' மோனோ ஒலிதான். 2012இல் அதைத் துப்புரவாக்கி 5.1 ஒலியோடு மறுபடி வெளியிட்டார்கள், அரங்குகளில் வாரக்கணக்கில் ஓடியது. ரசிகர்கள் கைதட்டினார்கள், குவாட் கூட்டம் மட்டும் முகம் சுளிக்கும். 'இல்லாததை உண்டாக்கியது' என்பார்கள். ஒரே தடத்தில் கலந்துபோன வாத்தியங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இப்போது வெகுவாக முன்னேறிவிட்டது. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 2022இல் அப்படித்தான் புதிதாகக் கலக்கப்பட்டது. எம்.எஸ். விஸ்வநாதனின் மோனோ பாட்டுகளுக்கும் நாளை அதைச் செய்யலாம். செய்தால் கேட்பேன். ஆனால் அது இன்றைய எஞ்சினியரின் கற்பனை என்று உறைமேல் அச்சிட வேண்டும். உரிமைச் சிக்கலும் லேசானதல்ல. இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் மலேசியாவின் அகி மியூசிக்குக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்த வழக்கு, ஸ்டீரியோ பாட்டை யார் விற்பது என்பதற்கே.

கிடைப்பதைக் கேட்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரம். குவாடியோ டிஸ்க் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடும். எஸ்.ஏ.சி.டி.க்கு அதைப் படிக்கும் பிளேயர் வேண்டும். வாங்கும்முன் மல்டிசேனல் எச்.டி.எம்.ஐ. வழியாக வெளியே வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால் நடு ஸ்பீக்கர் சும்மா இருக்கும், அது பழுதில்லை. வீவக வீட்டில் பெரிய இடைஞ்சல் சோஃபா. சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால் பின் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது. சோஃபாவை இரண்டடி முன்னால் இழுத்து, பின் ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில் நிறுத்துங்கள். குவாட் கலவையில் பின்னால் வருவது எதிரொலி மட்டுமல்ல, முழு வாத்தியமே வரும், கூரையோரம் மாட்டிய சின்னப் பெட்டி அதைத் தாங்காது. நான்கும் ஒரே மாதிரி ஸ்பீக்கராக இருந்தால் நல்லது. சப்வூஃபரைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.