காலை வாந்தியும் கலத்தின் பூட்டும்

விடிந்தும் விடியாத நேரம். லயத்து அடுப்பில் சாயத்தண்ணி கொதிக்கிறது. பிரட்டுக்குப் போக அம்மா இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு வயது மகன் எழுந்து தலையைப் பிடித்தபடி கானோரம் போய் வாந்தி எடுக்கிறான். எடுத்த பிறகு வலி குறைந்துவிடுகிறது. ரொட்டியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுகிறான். “வயித்துல பூச்சியா இருக்கும்” என்று பூச்சி மருந்து கொடுத்தாகிறது. அடுத்த வாரமும் அதே வாந்தி. “கண்ணூறு பட்டிருக்கு, கோயில்ல நூல் கட்டு” என்கிறாள் பாட்டி. மூன்றாவது வாரம் பிள்ளை நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறான்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்தது அல்ல. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பக்கம் எந்த லயத்திலும் நடக்கக்கூடியது. பிள்ளைகளின் மூளைக் கட்டி பெரும்பாலும் இப்படி, வயிற்றுக் கோளாறு போலத்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

ஏன் காலையில்?

மூளைக்குள் ஒரு திரவம் ஓயாமல் ஊறி ஓடிக்கொண்டிருக்கிறது. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில் கட்டி வளர்ந்தால் அந்த ஓட்டம் அடைபட்டு, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது அழுத்தம் இன்னும் கூடும். அதனால்தான் விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும். எழுந்து நடமாடினால் சற்றுத் தணியும். பகலில் பிள்ளை நன்றாக இருப்பதே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

நடையின் சமநிலையைக் காப்பதும் சிறுமூளைதான். ஆகவே தள்ளாட்டம் வரலாம். அதோடு கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, பொருள் இரண்டாகத் தெரிவது, புதிதாக வந்த மாறுகண் எல்லாம் சேர்ந்து வரலாம். சிறுமூளையில் பிள்ளைகளுக்கு வரும் கொடிய கட்டிகளில் முதன்மையானது மெடுலோபிளாஸ்டோமா. 1925இல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் முறையாகக் கிடைக்கும் நாடுகளில், உடலின் வேறு பகுதிக்குப் பரவாத நிலையில் பிடிபடும் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கலத்தின் மேல் ஒரு பூட்டு

இந்தக் கட்டியை அடையாளம் காண ஒரு வழி கலத்தின் மேலேயே இருக்கிறது. உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் சிறு சிறு பூட்டுகள் உண்டு. இவற்றை ஏற்பிகள் என்பார்கள். இரத்தத்தில் வரும் ஹோர்மோன்களே சாவிகள். குறிப்பிட்ட சாவி குறிப்பிட்ட பூட்டில் மட்டுமே பொருந்தும். 1973இல் அமெரிக்காவில் ரொஜர் கில்லமினின் ஆய்வகம் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹோர்மோனைக் கண்டறிந்தது. மூளை ஹோர்மோன்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1977இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தச் சாவிக்கு ஐந்து வகைப் பூட்டுகள். அவற்றில் இரண்டாம் வகை, பெரும்பாலான மெடுலோபிளாஸ்டோமாக் கலங்களின் மேல் நெருக்கமாகக் காணப்படுகிறது.

இங்கேதான் மருத்துவத்தின் சாமர்த்தியம். சொமட்டோஸ்டாட்டினைப் போன்றதொரு போலிச் சாவியைச் செய்து, அதில் துளியளவு கதிரியக்கப் பொருளைக் கட்டி, ஊசி மூலம் நரம்பில் ஏற்றுகிறார்கள். அது தன் பூட்டைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளையை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்தால், ஒட்டிய இடம் விளக்குப் போல ஒளிர்கிறது. 1989இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் எரிக் கிரென்னிங் குழுவினர் இந்த வழியில் கட்டிகளைப் படம்பிடித்துக் காட்டினார்கள். இன்று அதிகம் பயன்படும் கதிரியக்கப் பொருள் காலியம்-68.

எம்.ஆர்.ஐ. இருக்க இது எதற்கு?

நியாயமான கேள்வி. கட்டி இருக்கிறதா என்று பார்க்க முதலில் எடுக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. அல்லது அவசரத்துக்கு சி.ரி. ஸ்கேன்தான். ஏற்பிப் படம் அந்த இடத்தைப் பிடிக்காது. அதன் வேலை பிறகு வருகிறது. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து சில மாதங்களில் எம்.ஆர்.ஐ.யில் ஒரு நிழல் தெரிகிறது. அது ஆறிய தழும்பா, திரும்பி வரும் கட்டியா? வெறும் நிழலைப் பார்த்துச் சொல்வது கடினம். தழும்பில் அந்தப் பூட்டு நெருக்கமாக இருக்காது, கட்டியில் இருக்கும்.

புற்றுநோய்க்கு வழக்கமாக, சர்க்கரையில் கதிரியக்கப் பொருளைக் கட்டி எடுக்கும் பெட் ஸ்கேன் இங்கே தடுமாறும். மூளையே சர்க்கரையை வாரி விழுங்கும் உறுப்பு, ஆகவே படம் முழுக்க ஒளிரும். ஏற்பிச் சாவியோ நல்ல மூளைக்குள் எளிதில் நுழையாது. படம் இருண்டிருக்க, கட்டி மட்டும் தனித்துத் தெரியும். (பிட்யூட்டரிச் சுரப்பி இயல்பாகவே ஒளிரும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.)

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா மூளைக் கட்டிகளிலும் இந்தப் பூட்டு இல்லை. பிள்ளைகளுக்கு மிகுதியாக வரும் மெதுவாக வளரும் கிளையோமா என்ற வகைக் கட்டிகளில் இதை நம்பியிருக்க முடியாது. படம் இருட்டாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

ஹட்டனிலிருந்து எவ்வளவு தூரம்

காலியம்-68 அறுபத்தெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகத் தேய்ந்துவிடும். கொழும்பில் தயாரித்து ஹட்டனுக்கு அனுப்பினால், நாலரை மணி நேரப் பயணத்தின் முடிவில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்தப் பரிசோதனை நம்மைத் தேடி மலைக்கு வராது, நாம்தான் போக வேண்டும். இதே தேய்மானம் பிள்ளைக்கு நன்மையும்கூட: ஒரே நாளில் கதிரியக்கம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

இலங்கையில் அணு மருத்துவத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் வேண்டும் என்று 2016இல் நாடு முழுக்கச் சாதாரண மக்கள் காசு சேர்த்தார்கள், சாதி மதம் பாராமல். அதை நினைக்கும்போது இப்போதும் மனம் நெகிழ்கிறது. கடல் தாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, டெல்லி எய்ம்ஸ் ஆகிய இடங்களில் காலியம்-68 ஏற்பிப் படம் பல ஆண்டுகளாக எடுக்கப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு அது தேவையா என்பதைச் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். கடன் வாங்கிக்கொண்டு நீங்களாகக் கிளம்ப வேண்டாம்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் டிக்கோயா, நுவரெலியா, கண்டி என்று ஏறி இறங்கும் பஸ் காசும், இழக்கும் நாள் கூலியும், சிங்களத்தில் எழுதித் தரும் துண்டைப் புரிந்துகொள்ள ஆளில்லாத தவிப்பும் உண்டு. எத்தனை நல்ல இயந்திரம் இருந்தாலும், பிள்ளை அங்கே போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

இரண்டு வாரம், நான்கு வாரம்

பிரிட்டனில் பிள்ளைகளின் மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்க 2006இல் 14 வாரத்துக்கு மேல் ஆனது. 2011இல் அறிகுறிகளைப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் சொல்லித்தரும் ‘ஹெட்ஸ்மார்ட்’ இயக்கம் தொடங்கியது. 2013 வாக்கில் அந்தக் காலம் ஏழு வாரத்துக்குள் வந்தது. புது இயந்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஓர் அட்டையில் அச்சிட்ட அறிகுறிகள் போதுமாயிருந்தன.

வாந்தி இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, விட்டுவிட்டு வரும் தலைவலி நான்கு வாரத்தைத் தாண்டினாலோ பூச்சி மருந்தோடு நிற்காதீர்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். முற்றத்தில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்லிப் பாருங்கள். டாக்டரிடம், “கண்ணுக்குள்ள விளக்கடிச்சுப் பாருங்க ஐயா” என்று தயங்காமல் கேளுங்கள். அழுத்தம் கூடியிருந்தால் கண்ணின் பின்புறத்தில் வீக்கம் தெரியும். கைக்குழந்தை என்றால், தலையின் சுற்றளவை அளந்து சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கும்படி குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தள்ளாட்டமோ மாறுகண்ணோ வாந்தியோடு சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

தோட்டத்துரைமார்களிடமும் கங்காணிகளிடமும் ஒரு வேண்டுகோள். சுகமில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரை வெட்டாதீர்கள்.