தறிக்குழியும் கால் நரம்பு வலியும்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது, தவணை தவறிய கடன்களின் பட்டியலை வரிவரியாகப் பார்ப்பது நமது வழக்கம். காரணம் எழுதும் கட்டத்தில் மழை பொய்த்தது, வெள்ளம் புகுந்தது, மகளின் திருமணம் என்று பலவும் காணப்படும். சுங்குவார்சத்திரத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் பெயருக்கு எதிரே, ‘இடுப்பு வலி, தறி ஓடவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. செயலாளரை வினவினோம். “வாயுப்பிடிப்புதான் ஐயா, நாளாக நாளாகச் சரியாகிவிடும்” என்றார். நாளாகியும் சரியாகவில்லை என்பதைப் பட்டியலே காட்டிற்று. ஆகவே அன்று மாலை அவருடைய இல்லத்திற்கே சென்றோம்.

தறியில் பாதி நெய்த பட்டுச்சேலை ஒன்று பழந்துணியால் மூடப்பட்டிருந்தது. அதன் அருகே கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். “தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த மாத்திரத்தில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது ஐயா. பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியே இறங்கி, சுண்டுவிரல் வரை போகிறது. தும்மினால் உயிர் போகிறது” என்றார். கட்டிலுக்குப் போய் ஒரு மாதத்திற்கு மேலாகிறதாம். இதற்கிடையில் இரண்டு முறை முதுகை மிதிக்கச் செய்திருக்கிறார். இடுப்புப் பட்டை ஒன்று வாங்கியிருக்கிறார். மனைவியாரின் சங்கிலியை அடகு வைத்து ஸ்கேன் படமும் எடுத்து வைத்திருக்கிறார்.

கோர்வைச் சேலை நெய்வோர்க்கு ஒன்று தெரியும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒரு கரை நாடாவைத் தள்ள உடன் ஒருவர் அமரவேண்டும். இவருடன் அமர்ந்தவன் தங்கை மகன். மாமா படுத்ததும் அவனுக்கும் கூலி நின்றது. பக்கத்துத் தொழிற்சாலையின் பேருந்து வாசலுக்கே வருகிறபோது அவன் எத்தனை நாள் காத்திருப்பான்? ஒருவர் இடுப்பில் வந்த நோய் இருவர் பிழைப்பை நிறுத்திவிட்டது.

நாம் வைத்தியர் அல்லோம். எனினும் இவர் பொருட்டு அரசு மருத்துவமனை மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறிந்ததும், நூல்களில் படித்ததும் நம் அங்கத்தினர் யாவர்க்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறோம்.

இந்நோயை மேல்நாட்டு வைத்தியத்தில் சயாட்டிகா என்பர். ஆயுர்வேதம் கழுகின் பெயரால் கிருத்திரசி என்று வழங்குகிறது. இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் சில ஒன்றுகூடிப் பெருநரம்பாகிப் பிட்டத்தின் வழியே காலுக்கு இறங்குகின்றன. உடலிலேயே பருமனான நரம்பு இதுதான். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ‘டிஸ்க்’ என்று யாவரும் கூறும் வட்ட மெத்தைகள் உள்ளன. அவற்றின் நடுவே நுங்கு போன்ற குழைவான பொருள் இருக்கிறது. மெத்தையின் ஓரம் நைந்து அப்பொருள் பிதுங்கி நரம்பு வேரைத் தொட்டால், வேர் வீங்கிக் கனன்று, வலி கால் முழுவதும் ஓடுகிறது. நோய் இடுப்பில், கூக்குரல் காலில். காலுக்கு எத்தனை தைலம் தேய்த்தாலும் பயன் சிறிதாயிருப்பதன் காரணம் இதுவே. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் இதை விளக்கி எழுதிய பிறகே வைத்திய உலகம் உண்மையைத் தெளிவாக உணர்ந்தது.

நெசவாளர்க்கும் உழவர்க்கும் இது ஏன் மிகுதியாக நேர்கிறது என்று கேட்கலாம். 1999-இல் செருமனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள், தன்னார்வலர் ஒருவரின் டிஸ்க்கினுள்ளேயே அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது இருந்த அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கியபோது அவ்வளவு உயரவில்லை. கொள்முதல் நிலையத்தில் நாம் கட்டும் நெல் மூட்டை 40 கிலோ என்பதை உழவர் நினைவுகூர்க. நெசவாளர் மூட்டை தூக்குவதில்லை. ஆனால் காலைக் குழியில் விட்டு, முதுகைக் கூன் போட்டு, இழை பார்க்கக் குனிந்தவாறே மணிக்கணக்கில் அமர்கின்றனர். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே அவர்களுக்குப் பகை.

நிற்க. படுத்துக் கிடந்தால் குணமாகும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. முன்னாளில் மருத்துவர்களும் அப்படியே கூறிவந்தனர். 1999-இல் நெதர்லாந்து நாட்டில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். மற்றவர்களை இயன்ற அளவு நடமாட விட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் 100-க்கு 87 பேர் தேறியிருந்தனர். படுக்கையால் கிடைத்த ஆதாயம் ஏதுமில்லை. அன்றியும் நெடுநாள் படுத்தவரின் தசை மெலிகிறது, மனம் தளர்கிறது, கூலி போகிறது. வலி மிகக் கடுமையாயிருக்கும் ஓரிரு நாள் ஓய்வு கொள்வதில் தவறில்லை. அதன் பின்னர்க் கட்டிலை விட்டு எழுவதே மருந்து.

இதே கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இந்நோய் தானே தணிகிறது. ஆதலின் பயிற்சியை மந்திரம் என்று நாம் கூறவில்லை. தணியும் காலம் வரை உடலை இயங்க வைப்பதும், அச்சத்தைப் போக்குவதும், மீண்டும் தறிக்குழிக்குத் திரும்பும் வலிமையை ஊட்டுவதுமே அதன் பணி. அதுவே பெரும்பணி அன்றோ?

நம் நெசவாளரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, மருத்துவர் அவரை மல்லாத்திப் படுக்கவைத்து, காலை மடக்காமல் மெல்ல உயர்த்திப் பார்த்தார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொன்னார். ஸ்கேன் படத்தை இறுதியில்தான் பார்த்தார். “இந்த வயதில் பலருக்கும் படத்தில் இப்படித்தான் தெரியும்” என்றார். அது வெறும் ஆறுதல் மொழி அன்று. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டோர்க்கு டிஸ்க் புடைத்திருந்தது. படம் பார்த்து நடுங்குவோர் இதை அறிதல் நலம். சங்கிலியை அடகு வைப்பதற்கு முன்பு அறிந்திருந்தால் இன்னும் நலம்.

பின்பு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினர். முதல் நாள் அவர் செய்வித்தது மிக எளிய பயிற்சி. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் அசையாதிருக்கவேண்டும். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தவேண்டும். அது பழகியபின் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டு, மேலுடலை மட்டும் உயர்த்தித் தாழ்த்தவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளில் பல வேளை. இம்முறையைப் பரப்பியவர் நியூசிலாந்து நாட்டின் ராபின் மெக்கன்சி. 1956-இல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடத்தில் அவருடைய கால் வலி மறைந்தது. அந்தத் தற்செயலே இம்முறைக்கு வித்தாயிற்று.

இதில் கவனிக்கத்தக்க அடையாளம் ஒன்றுண்டு. பயிற்சி செய்கையில் வலி பாதத்திலிருந்து ஏறி முழங்காலுக்கும், தொடைக்கும், இடுப்புக்கும் ஒடுங்கி வருமானால், இடுப்பு வலி சற்று மிகுந்தாலும் அது நற்குறி. மாறாக வலி மேலும் கீழே இறங்கினால் அப்பயிற்சியை உடனே நிறுத்திவிடவேண்டும். ஒருவர்க்கு ஏற்றது மற்றவர்க்கு ஏற்காது. நடந்தால் கால் இழுத்து, உட்கார்ந்தால் சுகம் காணும் முதியோர்க்கு நரம்பு செல்லும் வழியே குறுகியிருக்கலாம். அவர்களுக்கு முதுகைப் பின்வளைப்பது ஆகாது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைக்கும் பயிற்சியே பெரும்பாலும் பொருந்தும். அண்டை வீட்டாரைப் பார்த்துத் தாமே செய்து கொள்ளலாகாது என்று நாம் கூறுவது இதனால்தான். முதுகை மிதிக்கச் செய்வதை மருத்துவர் அறவே கடிந்தார்.

இரண்டாம் வாரம் முதல் நடை சேர்ந்தது. ஏரிக்கரையில் முதலில் பத்து நிமிடம், பின் கால் மணி, பின் அரை மணி. மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் பிட்டத்தைத் தரையினின்று உயர்த்தும் பயிற்சியும் சேர்ந்தது. இது இடுப்பைத் தாங்கும் தசைகளை உரமாக்குவது. ஒரு நாள் வலி கூடிற்று. “போச்சு ஐயா” என்று தொலைபேசியில் அழைத்தார். ஏற்றமும் இறக்கமுமாகவே குணம் வரும் என்று இயன்முறை மருத்துவர் முன்னரே சொல்லியிருந்ததை நினைவூட்டினோம்.

சில குறிகள் தோன்றினால் பயிற்சியும் வேண்டா, பொறுத்தலும் வேண்டா. சிறுநீர் தடைப்படுதல் அல்லது தன்னை மீறிப் போதல், மலம் அடக்க இயலாமை, இரு தொடைகளின் நடுவே மரத்துப் போதல், பாதம் தொங்கி நடக்க முடியாமை இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாது. காய்ச்சலும் உடல் மெலிவும் உடன் இருப்பினும், விழுந்து அடிபட்டபின் வலி வந்திருப்பினும் உடனே மருத்துவரிடம் காட்டுக.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். நெதர்லாந்திலேயே 283 நோயாளிகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. விரைவில் அறுவை செய்துகொண்டோர்க்கு வலி விரைவில் தணிந்தது உண்மை. பொறுத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் பின்னர் அறுவைக்குச் சென்றதும் உண்மை. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு சாராரிலும் 100-க்கு 95 பேர் குணமடைந்திருந்தனர். மேற்கூறிய அபாயக் குறிகள் இல்லாதவர், நிலத்தையோ தறியையோ விற்று விரையவேண்டுவதில்லை. மருத்துவரோடு ஆய்ந்து முடிவு செய்ய அவகாசம் உண்டு.

இயன்முறைச் சிகிச்சைக்குப் பெரும்பொருள் வேண்டும் என்று எண்ணுவோரும் உளர். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அது இலவசம். சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமே தனியாக உண்டு. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், எழுந்து வர இயலாதோர்க்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. தம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அங்கத்தினர் கேட்டறியலாம்.

நம் நெசவாளர் தறிக்குத் திரும்பியது படிப்படியாகவே. முதல் வாரம் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. அமரும் பலகையின் மேல் கெட்டியான துணி மடிப்பை இட்டுச் சற்று உயர்த்திக் கொண்டார். கடிகாரத்தைப் பார்த்து நெய்பவர் யார்? ஆகையால் நாடாவில் தார் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் குழியை விட்டு எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்து, நாலடி நடந்து வருவது என்று வைத்துக் கொண்டார். இந்த ஏற்பாடு அவரே கண்டது. இயன்முறை மருத்துவரும் மெச்சினார். நிர்வாகக் குழுவினரும் பாவைத் திரும்பக் கேட்காமல் பொறுத்திருந்தனர். சங்கம் என்று ஒன்று இருப்பதன் பயன் அன்று தெரிந்தது. தனி வியாபாரியாயிருந்தால் பாவு வேறு தறிக்குப் போயிருக்கும்.

அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது பழைய சேலை முடிந்து, புதுப் பாவு ஏறியிருந்தது. கடனில் இரு தவணை கட்டியிருந்தார். சங்கிலி இன்னும் மீளவில்லை. மறு கரை நாடாவைத் தள்ள மனைவியார் அமர்ந்திருந்தார். தங்கை மகன் தொழிற்சாலைப் பேருந்திலேயே போய் வருகிறான். நாம் பேசிக்கொண்டிருக்கையில் தார் தீர்ந்தது. அம்மையார் கணவரைப் பார்த்து, “எழுந்திருங்கள்” என்றார். அவர் எழுந்தார்.